கிராமத்துக் கொலைக் கதையில் எதை முதலில் படிக்கலாம்?

கிராமத்தில் நடக்கும் பழைய கொலை மர்ம நாவல் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகப் பிடித்தது அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் அட் தி விக்கரேஜ்’ (1930). துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிள் வரும் முதல் நாவல் அதுதான்.

செயின்ட் மேரி மீட் என்ற இங்கிலாந்துக் கிராமம். பாதிரியார் வீட்டுப் படிப்பறையில் கர்னல் புரோத்தரோ சுடப்பட்டுக் கிடக்கிறார். ஊரில் பலருக்கும் அவரைக் கண்டாலே ஆகாது. கதை சொல்லும் பாதிரியாரே, சாப்பாட்டு மேசையில் இறைச்சியை வெட்டிக்கொண்டே, அவரைக் கொல்பவன் உலகத்துக்கு நல்லது செய்தவன் என்று வாய்விட்டிருப்பார்!

அந்த அறைக் கடிகாரத்தைக் கவனமாகப் பாருங்கள். பாதிரியார் அதைக் கால் மணி நேரம் கூட்டியே வைத்திருப்பார். அப்புறம், பக்கத்துத் தோட்டத்தில் இருந்தபடியே யார் வந்தார், யார் போனார் என்று மார்ப்பிள் கவனிக்கும் அழகு இருக்கிறதே, அதற்காகவே இரண்டு முறை படித்தேன். தொடக்கத்தில் பெயர்கள் நிறைய வரும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.