கல்வியியற் கல்லூரிக்குப் போகாத பட்டதாரி ஆசிரியராகலாமா?

தென்மராட்சியிலிருந்து வாசகி ஒருவர் எழுதுகிறார்: பல்கலைக்கழகத்துக்கு உள்வாரி மாணவியாகப் போகாமல் வெளிவாரியாகக் கலைப்பட்டம் முடித்துள்ளேன், ஆசிரியர் பயிற்சி தரும் கல்வியியற் கல்லூரியில் பயிலவில்லை. தனியார் நிறுவனமொன்றின் ஆறுமாத ஆசிரியர் டிப்ளோமாவைப் படித்தால் நியமனம் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்லிப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்த டிப்ளோமா இலங்கை ஆசிரியர் சேவைக்குள் நுழைவதற்கான தகைமை அன்று. உங்கள் பட்டமே அதற்கான வழி. மாகாணப் பாடசாலைகளுக்கு வடக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு பட்டதாரிகளிடம் விண்ணப்பம் கோரும்போது, போட்டிப் பரீட்சையிலும் நேர்முகப் பரீட்சையிலும் தேறி நியமனம் பெறுபவர், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பணியில் இருந்தபடியே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ தேசிய கல்வி நிறுவகத்திலோ பின்னர் முடித்துக்கொள்ளலாம்.

வெளிவாரிப் பட்டம் செல்லாது என்று தரகர்கள் பயமுறுத்துவார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பல்கலைக்கழகம் வழங்கியதாயின் அது பட்டமே. ஆனால் இரண்டைக் கவனியுங்கள். பட்டமளிப்பு விழா நடந்த நாளை விட்டுவிட்டு, பட்டம் செல்லுபடியாகும் திகதி எது என்று சான்றிதழில் பாருங்கள். அது விண்ணப்ப முடிவுத் திகதிக்குப் பிந்தியதாயின் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அடுத்து, பட்டத்தில் நீங்கள் கற்ற பாடம் வெற்றிடமுள்ள பாடசாலைப் பாடத்துடன் பொருந்த வேண்டும். சித்தியடைந்தும் இந்தப் பொருத்தமின்மையால் நேர்முகத்தில் திரும்பிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தால் பிறகு நிரந்தரமாக்குவார்கள் என்ற பேச்சையும் நம்பி இருந்துவிடாதீர்கள். அதிபர் தரும் கடிதம் நியமனக் கடிதம் ஆகாது. அந்த நம்பிக்கையில் ஆண்டுக்கணக்காகப் படிப்பித்தவர்கள் வீதியில் இருந்து போராட நேர்ந்தது இந்த மாகாணத்தில்தான். பாடசாலைகளில் ஆசிரியர் இல்லை என்கிறார்கள். அதேவேளை பட்டதாரிகளை அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக்கி, பாடசாலைகளிலேயே இணைத்து, ஆசிரியர் சேவைக்குள் எடுக்காமல் இழுத்தடிக்கிறார்கள். ஒழுங்கான கால அட்டவணையில் பரீட்சை வைத்திருந்தால் தரகருக்கு இங்கே வேலையே இருந்திராது.

சர்வதேசப் பாடசாலைகள் பயிற்சியில்லாதவர்களையும் எடுக்கும். அங்கே ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் உங்கள் பங்கு 8 சதவீதமும் நிர்வாகத்தின் பங்கு 12 சதவீதமும் கட்டப்படுகின்றனவா என்று முதல் மாதமே கேளுங்கள்.

வயதெல்லை அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறுவதால் ஒவ்வொரு முறையும் மூல அறிவித்தலையே வாசியுங்கள். ஐயமிருந்தால் சான்றிதழ்களுடன் தென்மராட்சி வலயக் கல்வி அலுவலகத்துக்கு நேரிற் சென்று கேளுங்கள். மூலச் சான்றிதழை எந்தத் தரகரிடமும் ஒப்படைக்காதீர்கள்.