ஓட்டத்தின் நடுவே குளிரெடுத்தது பற்றி

வணக்கம். சென்னைக் கடற்கரையில் மே மாத அதிகாலையில் நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்தில், ஏழாவது கிலோமீட்டரில் தலை சுற்றி, கைகளில் மயிர்க்கூச்செறிந்து குளிரெடுத்ததால் நின்றுவிட்டதாகவும், தண்ணீர் போதாததுதான் காரணமா என்றும் கேட்டிருந்தீர்கள். அதுவும் இருக்கலாம்; ஆனால் இவ்வளவு குறுகிய ஓட்டத்தில் நான் முதலில் சந்தேகிப்பது வேகத்தையும் ஈரப்பதத்தையும்தான். வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை, ஆவியாவதால்தான் குளிர்கிறது; ஈரப்பதம் மிகுந்த காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை. பனியனைப் பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது என்று நீங்களே எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த வியர்வையில் பெரும்பகுதி பயனின்றியே போயிருக்கிறது. புழுக்கத்தில் குளிரெடுப்பது உடல் தரும் எச்சரிக்கை என்பதால், நீங்கள் நின்றது மிகச் சரி.

வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அடுத்த முறை, மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்திலேயே முதல் பாதியை ஓடுங்கள் (வேகத்தைப் பார்த்து அவசரப்படாமலிருக்க, நான் கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்). காய்ச்சல் வந்த வாரத்தில் ஓடவே வேண்டாம். உடன் ஓடுபவர் தடுமாறி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அதை வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே கொண்டு 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல், ஐஸ் தண்ணீரால் உடல் முழுவதையும் உடனே நனைத்துக் குளிர்விக்கத் தொடங்குங்கள்.