ஆங்கிலத்தின் 'எஸ்கச்சன்', போர்த்துகீசியத்தின் 'எஸ்குடோ' இரண்டும் ஒன்றா?

ஆமாம், பிறப்பு ஒன்றுதான். லத்தீனில் 'ஸ்கூட்டும்' என்றால் கேடயம். அதிலிருந்து வந்தவை இரண்டும். ஆனால் புழக்கம் வேறு.

ஆங்கிலத்தில் போர்க்கேடயத்துக்கு 'ஷீல்ட்' இருப்பதால், 'எஸ்கச்சன்' குலச்சின்னம் வரையும் கேடய வடிவத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது. அப்புறம் கதவில் சாவித் துளையைச் சுற்றிப் பதிக்கும் தகட்டுக்கும் அதே பெயர். 'எஸ்கச்சனில் கறை' என்றால் குடும்ப மானத்துக்கு வந்த இழுக்கு.

போர்த்துகீசியத்தில் 'எஸ்குடோ' அன்றாடச் சொல். வீரன் கையில் இருப்பதும் அதுதான், கால்பந்துச் சட்டையின் நெஞ்சில் இருப்பதும் அதுதான். 1911 முதல் யூரோ வரும்வரை போர்ச்சுகலின் பணமும் எஸ்குடோதான். ஆப்பிரிக்கத் தீவு நாடான கேப் வெர்டேயில் இன்றும் அதுவே.

போர்ச்சுகல் கொடியை உற்றுப் பாருங்கள். அதிலுள்ள கேடயத்தின் சிவப்பு விளிம்பில் 7 கோட்டைகள். உள்ளே வெள்ளைப் பரப்பில் சிலுவை வடிவில் 5 நீலக் குட்டிக் கேடயங்கள், ஒவ்வொன்றிலும் 5 வெள்ளைப் புள்ளிகள். இந்த ஐந்தை 'கீனாஷ்' என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. தேசியக் கால்பந்து அணியையே 'கீனாஷ் அணி' என்று அழைக்கிறார்கள்.

மொழிபெயர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: முழுக் குலச்சின்னத்துக்குப் போர்த்துகீசியத்தில் 'பிரசாவ்ங்' என்ற தனிச்சொல் உண்டு.