சர்வீஸ் சார்ஜும் டிப்ஸும்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

தண்டையார்பேட்டையில் ஓர் அசைவ ஓட்டலில் 14 ஆண்டுகள் சப்ளையராகவும், பின்னர் 8 ஆண்டுகள் கல்லாவிலும் இருந்த அனுபவத்தைக் கொண்டு இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

புது வண்ணாரப்பேட்டை வாசகி: ஏ.சி. உணவகம் ஒன்றில் பில்லோடு 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தார்கள். கேட்டால் அரசாங்க வரி என்கிறார்கள். உண்மையா, ஐயா?

உண்மையில்லை, அம்மா. இத்தகைய தனி உணவகங்களில் அரசாங்கத்துக்குச் சேர்வது மத்திய, மாநிலப் பங்காக இரண்டரை இரண்டரை என 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டுமே; சர்வீஸ் சார்ஜ் கடைக்காரர் தாமே போட்டுக்கொள்வது. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் சென்று அதே மாதம் இடைக்காலத் தடை பெற்றன. ஆனால் 2025 மார்ச் 28 அன்று அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பில்லை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 1,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 100 ரூபாய் சர்வீஸ் சார்ஜ் சேர்த்து, அந்த 1,100க்கு வரி போட்டால் 1,155 ஆகிறது. முறையாக வரவேண்டியது 1,050தான். கல்லாவில் நிதானமாக நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால், பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளியுங்கள். பில்லைக் கொண்டுவந்த சப்ளையரிடம் சண்டை போடாதீர்கள். அந்தத் தொகையைப் போட்டது அவர் அல்லர்.

ராயபுரம் வாசகர்: அமெரிக்காவிலிருந்து வந்த என் மைத்துனர் எங்கே சாப்பிட்டாலும் 20 சதவீதம் வைக்கச் சொல்கிறார். அவ்வளவு வேண்டுமா?

வேண்டாம். டிப்ஸைக் கணக்கில் வைத்து, மணிக்கு 2.13 டாலர் வரை குறைந்த ஊதியம் தர அங்கே மத்தியச் சட்டம் இடமளிக்கிறது. அதனால் அங்கே டிப்ஸ் சம்பளத்தின் ஒரு பகுதி போலத்தான். இங்கே அப்படியொரு கணக்கு இல்லை. நால்வர் 800 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 40, 50 வைப்பது என் பார்வையில் கண்ணியமான தொகை. டோக்கன் வாங்கி நின்றபடி சாப்பிடும் இடத்திலும், கடைக்காரரே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைப் பிசைந்து தரும் பாரிமுனைத் தள்ளுவண்டியிலும் எதுவும் வைக்கத் தேவையில்லை.

காசிமேடு வாசகர்: ஜிபேயில் பில்லோடு சேர்த்து அனுப்பினால் அது சப்ளையருக்குப் போகுமா, அண்ணா?

பெரும்பாலும் போகாது, தம்பி. கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் முதலாளியின் கணக்குக்கு உரியது. நீங்கள் கூடுதலாக அனுப்பிய 30 ரூபாய் அன்றைய வியாபாரத்தில் கரைந்துவிடும். நான் கல்லாவில் இருந்தபோது இப்படி வந்த தொகையை ஒரு துண்டுச்சீட்டில் குறித்து, இரவில் எடுத்துக் கொடுப்பேன். எல்லாக் கல்லாவிலும் அந்தச் சீட்டு இருக்காது. இன்னொரு கடையில் பொது உண்டியல் வைத்திருந்தார்கள். உடைந்த கண்ணாடி டம்ளருக்கெல்லாம் அதிலிருந்தே பிடித்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் பங்கு போட்டார்கள். எச்சில் இலை எடுத்து மேசை துடைக்கும் பையனுக்கு 10 ரூபாய் வந்தால் அது நல்ல நாள். ஆகவே சோம்புத் தட்டில் வைப்பதைவிட, பரிமாறியவர் கையில் நோட்டாகக் கொடுங்கள். துடைக்கும் பையனுக்குத் தனியாகக் கொடுங்கள்.

வியாசர்பாடி வாசகர்: தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குகிறார்களே?

உட்கார வைத்துப் பரிமாறும் உணவகம் அப்படி வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் கூறிவிட்டது. பாட்டில் வேண்டாம், டம்ளரில் சாதாரணத் தண்ணீர் போதும் என்று உட்கார்ந்தவுடனே சொல்லிவிடுங்கள்.

பெரம்பூர் வாசகி: ஞாயிறு மதியம் பிரியாணிக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதற்கும் டிப்ஸ் வைக்க வேண்டுமா?

தாமதம் எங்கே நேர்ந்தது என்று பாருங்கள். அடுத்த தேக்சா தம் முடிந்து இறங்காத வரையில் சப்ளையரால் எதுவும் செய்ய முடியாது. அந்த நேரத்தில் அவர் இரண்டு முறை வந்து நிலைமையைச் சொல்லி, தண்ணீர் நிரப்பிப் போயிருந்தால் வழக்கம்போலக் கொடுங்கள். கூப்பிட்டும் திரும்பாமல், குழம்பு கேட்டதற்கு முகம் சுளித்திருந்தால் எதுவும் வைக்காமல் எழுந்து வரலாம். ஆனால் காரணத்தைக் கல்லாவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.