வாளும் கேமராவும்: கேள்வி பதில்

ஆவணப்படம் எடுக்கிறேன், வரைகிறேன், வாள்வீச்சின் மூன்று வகைகளில் ஒன்றான எப்பே போட்டிகளில் ஆடுகிறேன். இந்த மூன்றையும் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி: அக்கா, படம், ஓவியம், போட்டி விளையாட்டு என எல்லாவற்றிலும் ஒருவரே உருப்பட முடியுமா? வீட்டில் ஒன்றை விடச் சொல்கிறார்கள்.

பதில்: முடிந்திருக்கிறது, தம்பி. பிரான்ஸின் அலெக்சாந்தர் லிப்மான் ஓவியர். எப்பேயில் 1908, 1920, 1924 ஒலிம்பிக்குகளில் ஐந்து பதக்கம் வாங்கினார், அதில் இரண்டு தங்கம். நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமாவின் வம்சம் அவர். சினிமாப் பக்கம் கார்னெல் வைல்டைப் பாருங்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கான அமெரிக்க வாள்வீச்சு அணியில் இடம் கிடைத்தும் நாடக வாய்ப்புக்காக விலகினார். 1940இல் லாரன்ஸ் ஒலிவியே பிராட்வேயில் போட்ட ‘ரோமியோ ஜூலியட்’டில் வாள்சண்டை சொல்லிக்கொடுத்து, டிபால்ட்டாகவும் நடித்தார். அப்புறம் ஹாலிவுட் நாயகன், 1950களிலிருந்து இயக்குநர். வைல்ட் போட்டியை விட்டார், வாளை விடவில்லை. எதை விடுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வீட்டாரின் அவசரத்துக்காக விடாதீர்கள்.

கேள்வி: ஃபாயில், எப்பே, சேபர் என்ன வித்தியாசம்?

பதில்: ஃபாயிலில் முனையால் குத்த வேண்டும், உடற்பகுதி மட்டுமே இலக்கு. எப்பேயிலும் முனைதான், ஆனால் தலை முதல் பாதம் வரை எங்கு தொட்டாலும் புள்ளி. சேபரில் இடுப்புக்கு மேலே, வெட்டும் சேரும்.

கேள்வி: ஒளிப்பதிவு மாணவி நான். எப்பே போட்டி ஒன்றை விநாடிக்கு 24 பிரேமில் எடுத்தேன். யார் முதலில் தொட்டார் என்று எடிட்டிங்கில் தெரியவே இல்லை. என் தவறா?

பதில்: இல்லை. எப்பேயில் இருவரும் 40 மில்லி விநாடிக்குள் தொட்டால் இருவருக்குமே புள்ளி. 24 பிரேமில் ஒரு பிரேமின் கால அளவு கிட்டத்தட்ட 42 மில்லி விநாடி. அதாவது புள்ளியைத் தீர்மானிக்கும் விஷயம் முழுவதும் உங்களுடைய ஒரே பிரேமுக்குள் முடிந்துவிடுகிறது. எனக்கு இந்த விளையாட்டின் மேல் தீராத காதல் வந்ததற்குக் காரணமே இந்தக் கணக்குதான். கண்ணை நம்ப முடியாது என்பதால்தான் 1936 ஒலிம்பிக்கிலேயே எப்பேக்கு, தொட்டதும் விளக்கு எரியும் மின்கருவி வந்தது. ஃபாயிலுக்கு 1956, சேபருக்கு 1992.

அடுத்த முறை 100 பிரேமில் எடுங்கள். 120 வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், உள்ளரங்கு விளக்குகள் பல விநாடிக்கு 100 முறை மினுக்கும். 100 பிரேமில் அந்த மினுக்கல் படத்தில் தெரியாமல் தப்பிக்கும். ஆடுகளம் 14 மீட்டர் நீளம், நடுக்கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் நில்லுங்கள். வாளைத் துரத்தாதீர்கள், அது பிடிபடாது. முன்கையையும் பாதங்களையும் எடுங்கள், தாக்குதல் அங்கேதான் பிறக்கிறது. முகம் வலைக்குப் பின்னால் மறைந்திருப்பதால், விளக்கு எரிந்ததும் முகமூடி கழற்றும் அந்த நொடியை மட்டும் தவறவிடாதீர்கள்.

இது பழைய தேடல்தான். பிரெஞ்சு விஞ்ஞானி எத்தியென் ஜூல் மாரே 1882இல் விநாடிக்கு 12 படம் பிடிக்கும் துப்பாக்கி வடிவக் கேமராவைச் செய்தார். புகைப்படக்காரர் மைப்ரிட்ஜ் 1887இல் வெளியிட்ட அசைவுப் படத் தொகுப்பிலும் வாள்வீச்சு இருக்கிறது. சினிமா பிறக்கும் முன்பே வாள்வீச்சைப் படம்பிடிக்கும் வேலை தொடங்கிவிட்டது.

கேள்வி: ஓவியர் நான். வாள்முனை போகும் பாதையை எப்படி வரைவது?

பதில்: ஜப்பானின் ரைசோமாடிக்ஸ் என்ற கலைக் குழுவும் கலைஞர் டைட்டோ மனாபேயும் செய்ததைத் தேடிப் பாருங்கள். பெய்ஜிங் 2008இல் ஃபாயில் வெள்ளி வென்ற யூகி ஓட்டாவோடு சேர்ந்து, வாள்முனையின் பாதையை ஒளிக்கோடாகத் திரையில் கொண்டுவந்தார்கள். முதலில் வாளில் அடையாளம் ஒட்டி, பிறகு எதுவும் ஒட்டாமல் கேமராக்களையும் கணினிக் கற்றலையும் வைத்தே. அந்தக் கோடுகளைப் பார்த்தபோதுதான் எனக்கும் புரிந்தது, நல்ல ஆட்டக்காரரின் முனை எவ்வளவு குறைவாக அசைகிறது என்று. வீட்டில் செய்ய: இருட்டறை, முனையருகே சின்ன எல்.இ.டி., கேமராவில் ஒரு விநாடி எக்ஸ்போஷர். தனியாக மட்டும் செய்யுங்கள், எதிரே ஆள் வேண்டாம்.

கேள்வி: சினிமாவில் சண்டை பிரமாதமாக இருக்கிறது. போட்டியில் ஒன்றும் புரியவில்லை. சினிமா பொய் சொல்கிறதா?

பதில்: பொய் என்று சொல்ல மாட்டேன். போட்டியில் எண்ணத்தை எதிராளியிடமிருந்து மறைக்கிறோம். சினிமாவில் அதைப் பார்வையாளருக்குக் காட்டியாக வேண்டும். அதனால் வீச்சு பெரிதாகிறது, வேகம் குறைகிறது. இரண்டிலும் தேர்ந்தவர் பாப் ஆண்டர்சன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக சேபர் ஆடியவர். பிறகு படங்களுக்கு வாள்சண்டை அமைத்தார், நடிகர் எரல் ஃப்ளினோடு ஒரு படப்பிடிப்பில் தவறுதலாக அவர் தொடையைக் காயப்படுத்தினார். ஸ்டார் வார்ஸில் 1980, 1983 படங்களின் வாள்சண்டைகளில் வில்லன் டார்த் வேடர் உடைக்குள் இருந்தது அவரே. போட்டியில் பழகாதவர் அமைக்கும் சண்டையில் இருவருக்கும் நடுவிலான தூரம் எப்போதும் தப்பாகவே இருக்கும். என் கண்ணுக்கு அது உடனே உறுத்தும்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. பவானி தேவியைப் பார்த்துச் சேர ஆசைப்படுகிறாள். கண்ணுக்கு ஆபத்தில்லையா?

பதில்: தாராளமாகச் சேருங்கள் அம்மா. சென்னையில் மூங்கில் குச்சியோடு பழகத் தொடங்கிய பவானி, டோக்கியோவில் ஒலிம்பிக் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனையானார், முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றார். ஆபத்து பற்றி நீங்கள் கேட்பது நியாயம். 1982இல் ரோமில் உலகப் போட்டியில் எதிராளியின் வாள் உடைந்து முகமூடியைத் துளைத்து ஒலிம்பிக் சாம்பியன் விளாதிமிர் ஸ்மிர்னோவ் இறந்தார். அதன் பிறகுதான் வாள், முகமூடி, உடை மூன்றின் தரமும் கடுமையாக உயர்ந்தது. ஒன்று மட்டும்: பழைய, துருப்பிடித்த முகமூடியை யாராவது கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். குறும்படம் எடுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன், முகமூடி இல்லாத நடிகரின் எதிரே போட்டி வாளை நீட்டக் கூடாது.

கேள்வி: ஷூட்டிங் நாட்களில் பயிற்சி விட்டுப்போகிறது. என்ன செய்வீர்கள்?

பதில்: கால்வேலை மட்டும் செய்வேன். மூன்று மீட்டர் இடம் போதும், விடுதி வராந்தாவே சரி. போட்டி நெருங்கும் மாதத்தில் புதுப் படப்பிடிப்பை ஒப்புக்கொள்ள மாட்டேன், எடிட்டிங்கை அங்கே தள்ளுவேன். அதில் ஒரு சிக்கல், மணிக்கணக்கில் உட்கார்ந்தால் பின்தொடை இறுகிவிடும். அப்படியே போய் லஞ்ச் (ஒரு காலை நீட்டி முன்னே பாயும் தாக்குதல்) அடித்தால் தசை இழுத்துக்கொள்ளும். எனவே எடிட்டிங் முடிந்த நாளில் முதலில் நடை, பிறகு நீட்டல், கடைசியில்தான் வாள்.