கொள்கை ஆய்வுத் துறைக்கு மகளை அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய அம்மையீர்,

பொருளியல் பட்டப்படிப்பை முடிக்கவிருக்கும் உங்கள் மகள் கொள்கை ஆய்வு நிறுவனம் ஒன்றில் சேர விரும்புவதாகவும், அது அரசியல் தரகு வேலையாக இருக்குமோ என்று நீங்கள் கலங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கலக்கம் வீணானது என்று சொல்லி உங்களை ஆறுதல்படுத்த மாட்டேன். தரகு வேலை நடக்கும் இடங்களும் அத்துறையில் உண்டு. ஆனால் அங்கே என்ன வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை நீங்களே பிரித்துப் பார்த்துவிடுவீர்கள்.

ஒரு சட்டத்தை இயற்ற வேண்டுமானால் தரவு வேண்டும், பிற நாடுகளின் அனுபவம் வேண்டும், செலவுக் கணக்கு வேண்டும், நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தாலும் நிற்கக்கூடிய வாசகம் வேண்டும். இவை அனைத்தையும் திரட்ட அரசு அதிகாரிகளுக்கு நேரமும் ஆளும் போதுவதில்லை என்பதால் வெளியாருக்கு அங்கே இடம் உண்டாகிறது. தொழில் கூட்டமைப்புகள், தொழிற்சங்கங்கள், விவசாயிகள் சங்கங்கள், சுற்றுச்சூழல் இயக்கங்கள் முதலிய அழுத்தக் குழுக்கள், தேர்தலில் நின்று ஆட்சியைப் பிடிக்கும் நோக்கமின்றி, தம் கோரிக்கைக்காக அரசை நெருக்குகின்றன. உங்கள் மகள் சேர விரும்புவது போன்ற, திங்க் டேங்க் எனப்படும் சிந்தனைக் குழாம்கள் ஆய்வையும் யோசனையையும் தருகின்றன. நடைமுறையில் இவ்விரண்டுக்கும் இடையிலான கோடு பல இடங்களில் அழிந்துபோய்விடுகிறது.

செல்வாக்கு என்றதும் மூடிய அறைக்குள் கைமாறும் பணத்தையே பலரும் நினைக்கிறார்கள். நான் கவனித்தவரை, வேளை வருமுன் ஆயத்தமாக இருப்பவர்களுக்கே செல்வாக்கு மிகுதியாக வாய்க்கிறது. அமெரிக்காவில் 1973இல் தொடங்கப்பட்ட ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற சிந்தனைக் குழாம், 1981இல் ரொனால்டு ரீகன் அதிபராகப் பொறுப்பேற்ற வேளையில், எந்தத் துறையில் என்ன செய்யலாம் என்ற பரிந்துரைகளை ஆயிரம் பக்கங்களுக்கு மேல் எழுதித் தயாராக வைத்திருந்தது. புதிய ஆட்சியாளர்கள் மூச்சுவிட நேரமின்றி இருக்கும் நாட்களில், நன்றாக எழுதப்பட்ட ஆவணம் கையில் கிடைத்தால் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். அந்நிறுவனத்தின் கருத்துகளை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

அழுத்தக் குழுக்களைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் முதலில் நினைவுக்கு வருவது தகவல் அறியும் உரிமைச் சட்டம். ராஜஸ்தானில் 1990இல் உருவான மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, கிராமப் பணிகளின் கூலிப் பட்டியல்களையும் ரசீதுகளையும் ஊர் மக்கள் முன்னிலையில் உரக்கப் படித்துச் சரிபார்க்கும் பொது விசாரணைகளை 1994 இறுதியில் தொடங்கியது. அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமை கேட்டு 1996இல் பியாவர் நகரில் 40 நாட்கள் தர்ணா இருந்தது. அதே ஆண்டில் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் சமூகச் செயற்பாட்டாளர்களும் கைகோத்துத் தேசிய அளவில் ஓர் இயக்கத்தை அமைத்தார்கள், நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலிருந்த பிரஸ் கவுன்சில் (இந்தியப் பத்திரிகை மன்றம்) சட்ட வரைவு ஒன்றைத் தயாரித்தது. சட்டம் நிறைவேறியது 2005இல். தெருவில் அமர்ந்த கூலித் தொழிலாளர்களிடமிருந்து கோரிக்கைக்கு உயிர் வந்தது. அதைச் சட்ட மொழியில் பிரிவு பிரிவாக எழுதித் தரவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். உங்கள் மகள் செய்ய விரும்புவது இந்த இரண்டாவது வேலை. அது தரகு அன்று.

உங்கள் அச்சத்துக்குச் சான்றான வரலாற்றையும் நான் மறைக்கக் கூடாது. 1954இல் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் தங்கள் பணத்தில் ஓர் ஆய்வுக் குழுவை நிறுவி, அதை 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் விளம்பரப்படுத்தின. புகைபிடித்தலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு இன்னும் உறுதியாகவில்லை என்ற ஐயம் மக்கள் மனதில் பல பத்தாண்டுகள் நீடிக்க அது உதவியது; அந்நிறுவனங்கள் மக்களை ஏமாற்றின என்று 2006இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார். பணம் தருபவரே ஆய்வின் கேள்வியையும் தீர்மானித்தால், கணக்கில் ஒரு பிழையும் இல்லாமலேயே ஆய்வு பொய்க்குத் துணைபோகக்கூடும் என்பதை ஒவ்வொரு மாணவருக்கும் நான் சொல்லிவருகிறேன்.

பணமுள்ள சிறு குழுக்கள் அடிக்கடி வெல்வதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. ஓர் இறக்குமதி வரியால் பத்து நிறுவனங்களுக்குப் பெரும் லாபம் கிடைக்கிறது என்றால், அவை ஒன்றுகூடி வாதாடும். அதன் சுமை கோடிக்கணக்கான நுகர்வோர் மீது ஆளுக்குச் சில காசுகளாகச் சிதறுவதால், எதிர்த்துப் பேச யாரும் புறப்படுவதில்லை. அந்தச் சிதறிய சுமையைக் கூட்டிக் கணக்கிட்டு அரசின் முன் வைக்கும் சுதந்திரமான ஆய்வாளர்கள் அதனாலேயே எவ்வளவு பேர் இருந்தாலும் போதாது என்று நான் மனமார நம்புகிறேன்.

ஆகவே, நேர்காணலுக்குச் செல்லும் நிறுவனம் தன் நிதி எங்கிருந்து வருகிறது என்பதை ஆண்டறிக்கையில் வெளியிடுகிறதா, நிதி தந்தவருக்குப் பிடிக்காத முடிவை இதுவரை வெளியிட்டதுண்டா, வெளியிடும் முன் அறிக்கையைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு என்று உங்கள் மகள் தயங்காமல் கேட்கட்டும். லாபி செய்வோர், அதாவது ஒரு தரப்புக்காக அரசிடம் ஆதரவு திரட்டுவோர், பதிவு செய்துகொண்டு செலவைத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1995 முதல் சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டைத் தொடங்கியது. இவை போன்ற பதிவேடுகள் யாரும் பார்க்கக்கூடியவை. பார்த்துப் பழகுவதும் பயிற்சிதான்.

பெரும்பாலான பணியிடங்கள் குறிப்பிட்ட திட்டத்துக்கான நிதியைச் சார்ந்தவை என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாற நேரலாம். அதற்குக் குடும்பம் மனத்தளவில் தயாராக இருப்பது நல்லது. பொதுக் கொள்கையிலோ சட்டத்திலோ முதுகலைப் படிப்பு உதவும். அதனினும் முக்கியம் புள்ளியியலில் உறுதியும், நூறு பக்க ஆய்வை இரண்டு பக்கக் குறிப்பாகச் சுருக்கும் எழுத்துத் திறனும்.

இப்போதைக்கு நான் கேட்பது ஒன்றே. பொதுமக்களின் கருத்துக்காக அரசு வெளியிட்டிருக்கும் சட்ட வரைவு ஒன்றை உங்கள் மகள் தேர்ந்தெடுத்து, முழுவதும் படித்து, எந்தப் பிரிவு யாரைப் பாதிக்கும், அதை எப்படித் திருத்தலாம் என்று இரண்டு பக்கங்களில் எழுதி, கெடுவுக்குள் உரிய துறைக்கு அனுப்பட்டும்; ஒரு பிரதியை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த சந்திப்பில் மூவரும் அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.