விசா மறுக்கப்பட்டால் பணம் யாருக்கு?

விடுமுறைக் காலம் நெருங்கும்போது வெளிநாட்டுச் சுற்றுலா, விசா தொடர்பான கடிதங்கள் குவிகின்றன. சேமிப்பில் பெரும்பகுதியை ஒரே பயணத்துக்காக எடுத்துவைத்தவர்களின் கடிதங்கள் அவை. இந்த முறை ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: நானும் என் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், கும்பகோணம். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி பத்து நாள் சுற்றுலாவுக்கு ஒரு பயண நிறுவனத்தில் ஆளுக்கு 2,35,000 ரூபாய் கட்டினோம். நோட்டீஸில் "விசா உறுதி" என்று அச்சிட்டிருந்தார்கள். இத்தாலி தூதரகத்துக்கு விண்ணப்பித்து, விசா மறுக்கப்பட்டுவிட்டது. ஆளுக்கு 20,000 ரூபாய்தான் திருப்பித் தர முடியும் என்கிறார்கள். மறுப்புக் கடிதம், விண்ணப்பக் கோப்பு, நோட்டீஸ் மூன்றின் நகலையும் இணைத்திருக்கிறோம்.

பதில்: நீங்கள் அனுப்பிய நகல்களை இரண்டு முறை படித்தேன். மனம் வருந்தியது, கோபமும் வந்தது. உங்கள் நோட்டீஸில் சுவிட்சர்லாந்தில் ஐந்து இரவு, இத்தாலியில் இரண்டு இரவு என்று இருக்கிறது. தூதரகத்துக்குப் போன கோப்பிலோ இத்தாலியில் ஆறு இரவு! ஷெங்கன் (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. எந்தத் தூதரகத்தில் முன்னதாக நேரம் கிடைக்கிறதோ அங்கே கொடுத்துவிட்டு, அதற்கேற்பப் பயணத் திட்டத்தையும் ஓட்டல் பதிவையும் திருத்தி எழுதுவது சில நிறுவனங்களின் வழக்கம். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது. மறுப்புக் கடிதத்தில் குறியிடப்பட்டிருக்கும் காரணத்தைப் பாருங்கள்: தங்குவதன் நோக்கம் குறித்து அளித்த தகவல்கள் நம்பத்தகுந்தவையாக இல்லை. அந்தத் தகவல்களை எழுதியவர்கள் நீங்கள் அல்லர்.

இனி பணத்துக்கு வருவோம். எது திரும்பாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவருக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. 2024 ஜூன் 11 முதல் இதுதான் அளவு, அதற்கு முன் 80. விண்ணப்பத்தைப் பரிசீலித்ததற்கான கட்டணம் என்பதால் மறுத்தாலும் திரும்பாது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் அப்படியே. அது பொதுவாக விசாக் கட்டணத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய விசா சட்டமே சொல்கிறது. உங்கள் ரசீதில் அதற்கு மேல் இருப்பவை தனி அறையில் அமரவைத்ததற்கும், குறுஞ்செய்திக்கும், கூரியருக்கும். இவை விருப்பச் சேவைகள். வேண்டாம் என்றிருக்கலாம். உங்களைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இவை எல்லாம் சேர்ந்தாலும் இருபதாயிரம் ரூபாயைச் சுற்றியே நிற்கும். அவர்கள் தருவதாகச் சொல்லும் இருபதாயிரத்தையும் கழித்தால், ஆளுக்கு மீதி சுமார் 1,95,000 ரூபாய் எங்கே போனது? "தூதரகம் கேட்டதால் ரத்து செய்ய முடியாத விமான டிக்கெட் எடுத்தோம்" என்கிறது அவர்கள் மின்னஞ்சல். தூதரகம் கேட்பது பயணத் திட்டத்துக்கான சான்று. முன்பதிவு இருந்தாலே போதும். அப்படியே டிக்கெட் எடுத்திருந்தாலும், ரத்து செய்த டிக்கெட்டில் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் விமான நிறுவனம் திருப்பித் தர வேண்டும். பயணக் காப்பீட்டிலும், பயணம் தொடங்கும் நாளுக்கு முன் ரத்து செய்தால் சிறு கழிவு போகப் பணம் திரும்பும் பாலிசிகள் பல உண்டு. ஆகவே முதல் வேலையாக ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள். டிக்கெட் எண், ஓட்டல் ரத்துக் கட்டண ரசீது, காப்பீட்டு பாலிசி எண், ஒவ்வொன்றுக்கும் செலுத்திய தொகை என்று கணக்குக் கேளுங்கள். பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி, இவ்வளவுதான் வரும் என்பவர்களுக்கு வரிவரியாகக் கணக்குக் கேட்பதைப் போலச் சங்கடம் தருவது வேறில்லை.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கிவருகின்றன. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நிறுவனம் சென்னையில் இருக்கிறது என்பதற்காக அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரை கொடுத்துப் பெற்ற சேவைக்கு வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். "விசா உறுதி" என்று அச்சிட்ட நோட்டீஸைப் பத்திரமாக வையுங்கள், அதுதான் உங்கள் வலுவான சான்று. விசா தருவதும் மறுப்பதும் ஓர் அரசின் முடிவு. தன்னிடம் இல்லாத பொருளை உறுதி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

மறுபடியும் விண்ணப்பிக்கலாமா என்று உங்கள் மனைவி கேட்டிருக்கிறார். தாராளமாக, அம்மா. பழைய மறுப்பை மறைக்காதீர்கள். முந்தைய விண்ணப்பங்களின் விவரம் ஐந்து ஆண்டு அவர்கள் கணினியில் இருக்கும். உண்மையான பயணத் திட்டம், ஓய்வூதிய ஆணை, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, ஊர் திரும்பிய பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் ஆகியவற்றோடு சுவிஸ் தூதரகத்துக்கே விண்ணப்பியுங்கள். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசி மாதம் வரை காத்திருப்பதுதான் நேரம் கிடைக்கவில்லை என்ற நெருக்கடிக்குக் காரணம்.

கேள்வி: தாய்லாந்து போகும் முன் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும் என்றார்கள். தேடலில் முதலில் வந்த தளத்தில் மூன்று பேருக்கு 6,300 ரூபாய் கட்டினேன். பிறகுதான் அது இலவசம் என்று தெரிந்தது. (ஈரோடு வாசகர்)

பதில்: ஆம், இலவசம். தாய்லாந்து 2025 மே 1 முதல் இந்த அட்டையைக் கட்டாயமாக்கியது. மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இதே போன்ற அட்டை உண்டு. மூன்றும் இலவசம், மூன்றையும் சென்று சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தேடல் பக்கத்தின் உச்சியில் இருப்பது பெரும்பாலும் விளம்பரம். அரசுத் தளம்போலவே கொடியும் முத்திரையுமாக இருக்கும், அடியில் பொடி எழுத்தில் "தனியார் சேவை" என்று எழுதியிருக்கும். முகவரியின் முடிவைப் பாருங்கள்: தாய்லாந்து அரசுத் தளம் .go.th என்று முடியும், சிங்கப்பூருடையது .gov.sg என்று. வியட்நாம் மின்விசாவிலும் இதே ஏமாற்று நடக்கிறது. அரசுக் கட்டணம் ஒருமுறை நுழைய 25 டாலர்தான். அதைவிட மூன்று மடங்கு கட்டியவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

கார்டில் கட்டியிருந்தால் வங்கிக்கு உடனே எழுதி அந்தத் தொகையை மறுத்துப் பாருங்கள். வருகை அட்டையே வரவில்லையென்றால் அது மோசடி. இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-இல் புகார் செய்யுங்கள். இன்னொன்று, சிங்கப்பூர் வருகை அட்டை விசா அல்ல. இந்தியர்களுக்கு அங்கே விசா தனியாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு விமான நிலையத்தில் திரும்பிய குடும்பங்கள் உண்டு.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டுமே இருக்கிறது, குடும்பப் பெயர் இடம் காலி. துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கச் சுற்றுலா விசாவில் போக வேண்டும். ஒற்றைப் பெயர் செல்லாது என்று முகவர் சொல்லி, "சரிசெய்ய" 15,000 ரூபாய் கேட்கிறார். (திருநெல்வேலி வாசகி)

பதில்: முகவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அந்தத் தொகையைக் கேட்கத் துணிகிறார். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் பெயரோ குடும்பப் பெயரோ காலியாக இருந்தால் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. சில நாளில் வந்த விளக்கம்: பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம். இந்தியப் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொதுவாகத் தந்தை பெயர் இருக்கும். ஆகவே டிக்கெட் எடுக்கும் முன் விமான நிறுவனத்துக்கு அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பி, ஏற்றுக்கொள்வார்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். விமானத்தில் ஏற்றுவதா வேண்டாமா என்பதை முதலில் முடிவு செய்கிறவர்கள் அவர்கள்தான்.

ஆனால் நிரந்தரத் தீர்வு வேறு. இது உங்கள் ஒருவர் சிக்கல் அல்ல, நம் ஊர் முழுவதற்கும் உரியது. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. முன்னெழுத்தோடு வாழ்ந்தோம், பாஸ்போர்ட் விண்ணப்பமோ முன்னெழுத்தை ஏற்பதில்லை. அதனால் சிலர் இடத்தைக் காலியாக விட்டார்கள், சிலர் தந்தை பெயரைப் போட்டார்கள், பெண்களில் சிலர் கணவர் பெயரைப் போட்டார்கள். நாலு பேர் உள்ள வீட்டில் நாலு குடும்பப் பெயர்! பிள்ளையின் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர், அப்பாவின் குடும்பப் பெயர் தாத்தாவின் பெயர். நமக்கு இது இயல்பு. வேற்று நாட்டுக் குடியேற்ற அதிகாரிக்கு இந்தப் பிள்ளை யாருடையது என்ற ஐயம் வருவதிலும் வியப்பில்லை. குழந்தையோடு போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழை, பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால் மற்றவரின் நோட்டரி சம்மதக் கடிதத்தையும் கையோடு வைத்திருக்க வேண்டும்.

குடும்பப் பெயரைச் சேர்க்கப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்ய வேண்டும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். இணையத்தில் நீங்களோ மகனோ விண்ணப்பித்து, பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு நேரில் போய்வர வேண்டியதுதான். கைரேகைக்கும் படத்துக்கும் எப்படியும் நீங்கள்தான் போக வேண்டும். பிறகு 15,000 ரூபாய் எதற்கு? பழைய பாஸ்போர்ட்டில் நடப்பில் உள்ள வேறு நாட்டு விசா இருந்தால் மட்டும், பெயரை மாற்றும் முன் அந்தத் தூதரகத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கென்யா வனச் சுற்றுலாவுக்குப் போகிறோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை வேண்டும் என்கிறார்கள். ஊசி போடாமலேயே அட்டை வாங்கித் தருவதாக ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். அந்த அட்டையைச் சோதிப்பது பெரும்பாலும் திரும்பி வரும்போது, நம் விமான நிலையத்தில். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்குகிறவரிடம் செல்லுபடியாகும் சான்று இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்கலாம். நோயைச் சுமக்கும் கொசு இங்கே ஏராளம், நோய் மட்டும் இதுவரை இங்கே பரவவில்லை. அந்த வாசலைக் காப்பதற்கான விதி இது. போலி அட்டையோடு வருகிறவர் தம் வீட்டாரையும் சேர்த்துத்தான் பணயம் வைக்கிறார்.

சென்னை கிண்டி கிங் நிலையம் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே ஊசியும் அட்டையும் கிடைக்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும், அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். பயணத்தைப் பதிவு செய்யும் முன்பே பேசுங்கள். மருத்துவர் ஊசி வேண்டாம் என்றால் பயணத் திட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: என் தம்பி பி.எஸ்சி. முடித்தவன். தாய்லாந்தில் கணினி வேலை, மாதம் 80,000 ரூபாய் என்று ஒரு முகவர் சொல்கிறார். சுற்றுலாப் பயணியாகப் போய் அங்கே வேலை விசாவுக்கு மாற்றிக்கொள்ளலாமாம். 1,50,000 ரூபாய் கேட்கிறார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார். கொடுக்கலாமா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். தம்பியை அனுப்பாதீர்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்.

இதே சொற்களை நம்பிப் போன இளைஞர்கள் பாங்காக்கில் இறங்கி, மே சோட் எல்லை வழியாக ஆற்றைக் கடந்து மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே இணையவழி மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். 2022-இல் மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகம் அப்போதே எச்சரித்தது. 2025 மார்ச்சில் இரண்டு நாளில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அழைத்துவந்தன. சுற்றுலாப் பயணியாகத் தாய்லாந்துக்குள் நுழையும் அனுமதி வேலை பார்ப்பதற்கு அல்ல. அதில் வேலை செய்வது அந்நாட்டில் குற்றம். பிடிபட்டால் தண்டனை உங்கள் தம்பிக்கு, முகவருக்கு அல்ல.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. உங்கள் முகவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள்; தளத்தில் சரிபாருங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது. இரண்டிலும் விசாரிக்கலாம்.

பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்துவைக்கத் தனியார் எவருக்கும் உரிமையில்லை. நாளையே இரண்டு பேரை உடன் அழைத்துப் போய்த் திரும்பக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கிருந்தே காவல் நிலையத்துக்குப் போங்கள், முகவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.